கீழ்வீட்டாருக்கு ஒரு பெயர்

ஒரு நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு கூட்டுக் குடும்பம் வாழ்ந்து வந்தது. பத்தொன்பது வருஷமாக அங்கே ஒரு நிமிஷம்கூட வேலை நின்றதில்லை. பெரிய சண்டை என்றும் வந்ததில்லை. அவர்கள் எல்லாரும் தங்கமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, அவ்வளவுதான் காரணம்.

பெயருக்குப் பதிலாக முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வாசலில் நின்று காற்றை வரவேற்று, தூசி தட்டி, கொஞ்சம் சூடுபண்ணி உள்ளே அனுப்புகிறவர் மூக்கண்ணன். தொண்டையில், சோறு போகும் வழியும் காற்று போகும் வழியும் பிரிகிற முக்கில், ஒரு சின்ன மூடி காவல் காத்தது. அவர் வாட்ச்மேன். அவருக்கு அடுத்த வீட்டில் குரல் மதினி. அவளைத் தாண்டி நேராகக் கீழே இறங்குகிறவள் குழாயக்கா. அக்கா இரண்டாகப் பிரிந்து போய்ச் சேருமிடத்தில் நுரையீரல் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். வலது பக்கம் பெரியவர், இடது பக்கம் சின்னவர். சின்னவர் உடம்பில் கொஞ்சம் ஒடுக்கம். பக்கத்து வீட்டு இதயத்துக்கு இடம் விட்டுக்கொடுத்ததில் அப்படி ஆகிவிட்டது. பிள்ளைகள் இவர்கள் வீட்டில்தான். கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப்பைகள், நாள் முழுவதும் ஊதுவதும் சுருங்குவதும் கூச்சலும்தான்.

எல்லாருக்கும் அடியில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, ஜமக்காளத்தைக் குடைபோலத் தூக்கிக் கட்டிய மாதிரி ஒரு தசை இருந்தது. அவரைக் கீழ்வீட்டார் என்பார்கள். அவர் கீழே இறங்கினால் நெஞ்சு விரியும், காற்று உள்ளே வரும். அவர் மேலே ஏறினால் காற்று வெளியே போகும். இறங்குவது, ஏறுவது, மறுபடி இறங்குவது. பிறந்த நாள் முதல் அவருக்கு வேறு வேலை தெரியாது. ஆள் வாயில்லாப் பூச்சி.

இந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரி செண்பகவல்லி. கோவில்பட்டிப் பெண். அப்பா கழுகாசலமூர்த்தி, மினி பஸ்ஸில் கண்டக்டர். நர்சிங் படிக்கப் போன இடத்தில் அவளுக்கு எல்லாப் பாடமும் வந்தது, அனாட்டமி மட்டும் வரவில்லை. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற வைவா தேர்வில் முதல் தடவை வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, வார்த்தை வரவில்லை. கோட்டை விட்டுவிட்டாள். இரண்டாவது தடவையும் போய்விட்டால் கூடப் படிக்கிற பெண்கள் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போவார்கள், இவள் புதிதாய் வருகிற பிள்ளைகளோடு முதல் பெஞ்சில் உட்கார வேண்டும்.

"மானம் போயிரும்ட்டி," என்று அறைத்தோழி ரஹ்மத் நிஷாவிடம் சொல்லி அழுதாள்.

அந்தக் கல்லூரியில் அரியர் வைத்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு வாரம் முன்னாலேயே சீட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பாடத்தில்தான் கேள்வி. செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததில் வந்தது சுவாச மண்டலம். பார்த்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது. பெயர்கள் அப்படி. ஒவ்வொன்றும் வாயில் போட்ட கடலை மிட்டாய் மாதிரி பல்லில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது.

ரஹ்மத் நிஷாதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஏட்டி, ஒங்கப்பா கண்டக்டர்தான? நீயும் கண்டக்டராயிரு. மூக்குல ஏறுன காத்து எங்கெங்க போகுதோ அதெல்லாம் ஸ்டாப்பு. பஸ்ஸுல போற மாதிரியே போ, மறக்கவே மறக்காது."

விடுதி மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் வாளியைத் தட்டிக்கொண்டு செண்பகவல்லியின் பஸ் கிளம்பியது.

"நேசல் கேவிட்டி! நேசல் கேவிட்டில்லாம் எறங்கு! போலாம் ரைட்! ஃபாரிங்ஸ், தொண்டைக்காரங்க யாரும்மா? எபிகிளாட்டிஸ் கேட்டு வருது, தலையப் பாத்துக்கோங்க! லாரிங்ஸ்! டிரக்கியா! பிராங்கஸ், ரோடு ரெண்டாப் பிரியுது, வலது லங்ஸா இடது லங்ஸான்னு கேட்டு ஏறுங்க! பிராங்கியோல், சின்னச் சின்னச் சந்து! ஆல்வியோலை கடேசி ஸ்டாப்பு! ஆக்ஸிஜன்லாம் எறங்கு, கார்பன் டை ஆக்ஸைடு ஏறு! வண்டி திரும்புது!"

அவ்வளவுதான். நெஞ்சுக்கூட்டுக்குள் திருவிழா ஆரம்பித்துவிட்டது.

"என்னது, எனக்கு எபிகிளாட்டிஸா?" வாட்ச்மேன் நம்ப முடியாமல் இரண்டு தடவை மூடித் திறந்தார். "இனிமே எவனாவது மூடின்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

குரல் மதினி லாரிங்ஸ், லாரிங்ஸ் என்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கென்ன, குரல் கையிலேயே இருக்கிறது. குழாயக்காவுக்கு டிரக்கியா என்பது ஏதோ ராஜகுமாரியின் பெயர் மாதிரி பட்டது. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். பிள்ளைகளோ ஒரே பெயரைக் கோடிப் பேரும் பங்குபோட்டுக்கொண்டு, "நாந்தான் ஆல்வியோலை! நாந்தான் ஆல்வியோலை!" என்று குதித்தார்கள். மூக்கண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

"கேவிட்டின்னா ஓட்டைன்னு அர்த்தமாம்," என்றார். "பத்தொம்பது வருசமா வாசல்ல நின்னதுக்கு இதுதான் மரியாதையா?"

"எங்க பேரப் பாரும். லங்ஸ். ரெண்டெழுத்து மாதிரி இருக்கு," என்று சின்னவர் சமாதானம் சொன்னார். பெரியவர் உடனே குறுக்கிட்டார். "பேரு சின்னதா இருந்தா என்ன? பாடமே நம்ம பாடம். காத்த இழுக்கிறது யாரு? நாமதான."

பெயர் வந்தவுடன் முறை போய்விட்டது. மதினி என்று கூப்பிட்டால் மதினி திரும்பவில்லை. அக்கா என்றால் அக்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் இல்லாத வரிசைச் சண்டையெல்லாம் வந்தது: யார் பெயர் முதலில் சொல்லப்படுகிறது, யார் பெயரில் எழுத்து அதிகம் என்று. இருந்தாலும் சந்தோஷமான சண்டைதான், பொய் சொல்லக் கூடாது.

கீழ்வீட்டாருக்கும் சந்தோஷம்தான். மற்றவர்கள் பெயர் வரும்போதெல்லாம் கை இல்லாத குறைக்கு மனசாலேயே தட்டினார். பஸ் ஆல்வியோலையை நெருங்கும்போது, 'அடுத்தது நம்ம வீடு' என்று தன்னைச் சரிபண்ணிக்கொள்வார். பஸ் அங்கேயே திரும்பிவிடும். நாளைக்கு வரும் என்று நினைத்துக்கொள்வார். இரண்டு வாரமும் பஸ் அங்கேயேதான் திரும்பியது.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம், வாயில்லாப் பூச்சி வாயைத் திறந்தது.

"பெரியவரே, தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கு ஏதாவது பேரு... ஒங்க காதுல விழுந்துச்சா?"

பெரியவர் சிரித்தார். கெட்ட மனசு இல்லை. தலைக்கு ஏறிய பெயர்தான் பேசியது. "ஓய், இது மூச்சு போற வழியப் பத்துன பாடம். ஒம்ம வழியா ஒரு பொட்டுக் காத்து போயிருக்கா? போகல. அப்புறம் பேரு எங்க இருந்து வரும்?"

உண்மைதான். ஒரு பொட்டுக் காற்றும் அவர் வழியாகப் போனதில்லை. கீழ்வீட்டார் இறங்கினார், ஏறினார்.

மறுநாள் காலை விடுதியில் பூரி. செண்பகவல்லி பயத்தில் நான்கு பூரியை மூன்று நிமிஷத்தில் விழுங்கினாள். "பன்னீர் சோடா குடி, தைரியம் வரும்," என்று ரஹ்மத் நிஷா ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தாள். அதையும் ஒரே மூச்சில் குடித்தாள். கீழே வயிறு தவில் மாதிரி உப்பியது. வயிற்றுக்கு நம் கீழ்வீட்டார் மேல்வீட்டுக்காரர். வயிறு அவரை அடியிலிருந்து முட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தது.

"என்ன மேல்வீட்டாரே, மொகம் வாடிப்போயிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"எல்லாம் கேள்விப்பட்டேன். மேல எல்லாருக்கும் பேரு வந்துட்டாம், ஒமக்கு மட்டும் இல்லையாம். எங்க பாடம் போன மாசமே முடிஞ்சுட்டு. எனக்குள்ள ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாப் பேரு வச்சிருக்காக, தெரியுமா?" வயிறு ஒரு ஏப்பம் விட்டது. "ஒம்ம நெலமதான் பாவம். எங்க வீட்டு ஆளும் இல்ல, அவுக வீட்டு ஆளும் இல்ல. நடுச்செவரு. செவத்துக்கு எவனாவது பேரு வைப்பானா?"

வேலையை நிறுத்திவிடலாம் என்று கீழ்வீட்டார் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. தான் நின்றால் பிள்ளை என்ன ஆவாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நெஞ்சுக்கு அடியில் இருக்கிறவருக்கும் நெஞ்சு அடைக்கும் அல்லவா? இறங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு கேவல் வந்துவிட்டது. அவர் கேவினதும் காற்று தறிகெட்டு உள்ளே பாய்ந்தது. மேலே லாரிங்ஸ் பயந்துபோய்ப் படாரென்று கதவைச் சாத்தினாள்.

"ஹிக்!" என்றாள் செண்பகவல்லி.

தேர்வு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஹிக்!" தண்ணீர் குடித்தாள். "ஹிக்!" மூச்சை அடக்கிப் பார்த்தாள். அழுகிறவரை எப்படி அடக்குவது? "ஹிக்!"

"அடுத்தது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஞானசௌந்தரி மேடம். கண்ணாடிக்குச் சங்கிலி, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. அவர் நிமிர்ந்து பார்த்தாலே மாணவிகளுக்குப் படித்ததில் பாதி மறந்துபோகும். மீதிப் பாதி அவர் பேசும்போது மறந்துபோகும்.

"பேரு?"

"செண்ப... ஹிக்... வல்லி மேடம்."

"விக்கலா? சரி, அதோடயே சொல்லு. ஒனக்கு விக்கல் நிக்கட்டும்னு வார்டுல பேஷன்ட் காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு. காத்து உள்ள போற வழியச் சொல்லு."

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். போன தடவை மாதிரியே காற்றுதான் வந்தது. கண்ணை இறுக மூடினாள். மூடினதும் அப்பாவின் பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டாள்.

"நேசல் கேவிட்டி! ஹிக்! போலாம் ரைட்! ஃபாரிங்ஸ்! எபிகிளாட்டிஸ் கேட்டு! ஹிக்! லாரிங்ஸ்! டிரக்கியா! பிராங்கஸ், ரெண்டாப் பிரியுது! பிராங்கியோல்! ஹிக்! ஆல்வியோலை, கடேசி ஸ்டாப்பு, எல்லாம் எறங்கு!"

உள்ளே பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். வெளியே ஞானசௌந்தரி மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

"ஸ்டாப்பெல்லாம் சரி. ஒரே ஒரு கேள்வி. காத்து ஏன் உள்ள வருது? அத இழுக்கிறது யாரு?"

"லங்ஸ், மேடம்."

பெரியவர் ஒரு சுற்றுப் பெருத்தார்.

"லங்ஸ் பஞ்சு மாதிரி. பஞ்சு தன்னால விரியுமா? விரிக்கணும்னா தசை வேணும். எந்தத் தசை?"

பெரியவர் அப்படியே காற்று இறங்கிப் போனார்.

செண்பகவல்லி யோசித்தாள். மூக்கிலிருந்து மறுபடி பஸ்ஸை எடுத்துப் பார்த்தாள். எந்த ஸ்டாப்பிலும் அப்படி யாரும் ஏறவில்லை. கண்ணில் நீர் முட்டியது. முதல் பெஞ்சும் புதுப் பிள்ளைகளும் கண் முன்னால் வந்தார்கள்.

"இது தெரியாம எப்படிம்மா அனுப்பறது?" மேடத்தின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மூச்சு விட முடியாத ஒருத்தர் தலமாட்டுல நாளைக்கு நீ நிக்கப் போற. எது வேல செய்யலன்னு ஒனக்குத் தெரிய வேண்டாமா?"

உள்ளே யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு பெரியவர் குனிந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கீழே பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கீழ்வீட்டாரே, நேத்து நான் பேசுனது தப்பு. நாங்க இழுக்கல. நீரு இழுக்கிறீரு, நாங்க விரியுறோம். அது எனக்கு எப்பவுமே தெரியும்யா. தெரியாத மாதிரி இருந்துட்டேன்." அவர் குரல் உடைந்தது. "பிள்ள கஷ்டப்படுதா. நீரு எங்க இருக்கீருன்னு ஒரு தடவ அவளுக்குக் காட்டும்."

"எம் பேரே எனக்குத் தெரியாது," என்றார் கீழ்வீட்டார், கேவலுக்கு நடுவே. "நான் எப்படிக் காட்ட?"

"பேரு எதுக்கு மாமா?" கோடிப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். "ஒரு குதி குதிங்க, போதும்!"

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் குதித்தார்.

"ஹிக்க்!"

மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் தாடை ஆடியது. செண்பகவல்லியின் வலது கை தானாகப் போய் விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பிடித்தது.

"கைய எடுக்காத," என்றார் மேடம் சட்டென்று. "இப்ப அங்க என்ன குதிச்சுது?"

செண்பகவல்லி தன் கையைப் பார்த்தாள். அந்தக் கைக்கு அந்த இடம் தெரியும். ரெக்கார்டு நோட்டில் நெஞ்சுப் படம் வரைந்தபோது, கடைசியில் வருகிற வளைகோடு கோணலாக இருக்கிறது என்று டியூட்டர் நான்கு தடவை கிழித்துப் போடச் சொல்லியிருந்தார். ஐந்து தடவை வரைந்த கை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பெயரும் எழுதிய கை. பஸ் நிற்காத இடம் என்பதால் மனசு அதை விட்டுவிட்டது, கை விடவில்லை.

"டயஃப்ரம்!" அறை அதிரக் கத்தினாள். "டயஃப்ரம், மேடம்! உதரவிதானம்! அது கீழ எறங்குனாத்தான் நெஞ்சு விரியும், காத்து வரும்! அது வழியா காத்து போகாது மேடம், அதான் நான் ஸ்டாப்புல சேக்கல. ஆனா வண்டிய ஓட்டுறதே அதுதான் மேடம்!"

ஞானசௌந்தரி மேடம் சிரித்துவிட்டார். கண்ணாடியே கழன்று சங்கிலியில் தொங்குகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஆமா, ஒன் விக்கல் எங்க போச்சு?"

செண்பகவல்லி கவனித்தாள். விக்கல் இல்லை.

மேடம் மார்க் தாளில் எழுதினார், கையெழுத்துப் போட்டார், நிமிராமலே கேட்டார்: "ரெண்டாம் வருஷத்துப் புக்கு வாங்கியாச்சா?"

செண்பகவல்லிக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. நன்றி சொன்னாளா, கதவைச் சாத்தினாளா என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. வராந்தாவில் ஓடினாள். தூணோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற ரஹ்மத் நிஷாவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள்.

"பாஸாட்டி?"

"பாஸ்ட்டி! போலாம் ரைட்டுன்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்ட்டி!"

"அடிப்பாவி!"

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. சிரிப்புதான். விலாவைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து, மறுபடி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து, மறுபடி முதலிலிருந்து சிரித்தார்கள்.

உள்ளே குடும்பமே கீழ்வீட்டு வாசலில் கூடிவிட்டது. மதினி வந்தாள், அக்கா வந்தாள், வாட்ச்மேன் காவலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். பிள்ளைகள் கூச்சல் காதைப் பிளந்தது.

"மாமா! மாமா! கேட்டீங்களா? ஒங்களுக்கு ரெண்டு பேரு! நம்ம எல்லாரையும் விட ஒங்க பேரத்தான் செண்பகவல்லி சத்தமாச் சொன்னா!"

கீழ்வீட்டார் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தார். வேர்த்துக் கொட்டியது.

"சொன்னாளா? எப்ப?"

"இப்பத்தான்! அந்தக் கத்து கத்துனாளே!"

"அடடா," என்றார். "அவ கத்துறதுக்கு மூச்ச அனுப்பிக்கிட்டு இருந்தேன். காதுல விழாமப் போச்சே."

பெரியவர் நெருங்கி வந்தார். "நான் சொல்லுதேன், கேளும். ஒம்ம பேரு..."

"இருங்க பெரியவரே, அப்புறம் கேட்டுக்கிடுதேன்," என்று கீழ்வீட்டார் மூச்சிரைக்கச் சொன்னார். "பிள்ள சிரிக்கா. வேல கெடக்கு."